ஊசி குத்தாத சாசேஜ்

1949ஆம் வருடம் ஈஸ்டர் முடிந்த வாரத்தில், பெங்களூர் பிரேசர் டவுன் மசூதி ரோட்டுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டு வரிசையில், யூனிஸின் வாணலியில் வெந்துகொண்டிருந்த ஒரு சாசேஜ், "கால் மரத்துப் போச்சு, யூனிஸ்" என்று சொன்னது. குரல் அவள் புருஷன் சில்வெஸ்டருடையது. சில்வெஸ்டரோ அந்த நேரத்தில் அவள் தலைக்கு மேலே பரணில், தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால், வாயைத் திறக்காமல் படுத்திருந்தான். பக்கத்து வீட்டு டோரீன் மார்க்கெட்டுக்குப் போயிருந்ததால் யாரும் கேட்கவில்லை. அந்த வாரம் பூண்டு விலை ஏறியிருந்தது. மழை வரும் வரும் என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

சில்வெஸ்டர் ஏன் பரணில் இருந்தான் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். அவன் பருத்தி ஆலையில் தறி ஓட்டியவன். வேலைநிறுத்தத்தின்போது கூட்டத்திலிருந்து பறந்த ஒரு கல் மேஸ்திரியின் இடது கண்ணைக் கொண்டுபோனது. எறிந்தவன் யார் என்று எறிந்தவனுக்கே சரியாகத் தெரிந்திருக்காது, அவ்வளவு கல் அன்றைக்கு. ஆனால் போலீசுக்கு ஒரு பேர் வேண்டும். கூட்டத்தில் யார் குரல் பெரிதாகக் கேட்டதோ அவன் பேரைக் கொடுத்தார்கள். சில்வெஸ்டரின் குரல் அப்படிப்பட்டது. தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. அவன் ரகசியம் பேசினால் தெருக்கோடியில் இருப்பவன் பதில் சொல்வான். பிடிபட்டால் ஏழெட்டு வருஷம் உள்ளே என்று வக்கீல் சொன்ன அன்றைக்கே அவன் பரணில் ஏறினான். வரிசை வீடுகளுக்கெல்லாம் மேலே ஒரே கூரை. இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் 'ஆயுசு நூறு' என்பார்கள். அதனால், கேஸ் தீரும்வரை ஒரு சொல்கூடப் பேசுவதில்லை என்று பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தான். மெல்லப் பேசினால் போதாதா என்று கேட்காதீர்கள். அவனுக்கு மெல்லப் பேசவே வராது.

யூனிஸ் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் சமையல் வேலை செய்தவள். நாற்பத்தேழில் அவர்கள் மூட்டை கட்டியபோது, கப்பலில் ஏற்ற முடியாத கொத்துக்கறி மெஷினை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதை மேசை விளிம்பில் திருகி மாட்டி, பன்றிக்கறியையும் கொழுப்பையும் அரைத்து, மிளகு, பூண்டு, தனியா, வினிகர், ரொட்டித்தூள் போட்டுப் பிசைந்து, தகரப் புனல் வழியாகக் கட்டைவிரலால் குடலுக்குள் தள்ளினால் சாசேஜ். பெரிய வித்தை ஒன்றுமில்லை, பொறுமைதான் வேண்டும். கஷ்டமெல்லாம் குடலில்தான். உப்புப் போட்டு அலசி, குச்சியில் மாட்டி உள்பக்கம் வெளியே திருப்பிச் சுரண்டி, கடைசியில் ஒரு முனையை வாயில் வைத்து ஊதிப் பார்க்க வேண்டும். ஓட்டை இருந்தால் காற்று சொல்லிவிடும், குடலும் நெகிழ்ந்து கொடுக்கும். யூனிஸுக்கு இளைப்பு. ரெண்டு முழம் ஊதினாலே நெஞ்சு விசில் அடிக்கும். பரணில் சும்மா கிடந்தவன் கையை நீட்டினான். அவள் குடல் சட்டியை மேலே கொடுத்தாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

பேசாத பேச்சு எங்கே போகும்? மூச்சோடு குடலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உப்புப் பார்க்க ஒன்றைப் பொரித்தபோது அது வாய்விட்டுப் பேசிய கதையைச் சொன்னேன். யூனிஸுக்குக் கைகால் ஓடவில்லை. மீதி சாசேஜ்கள் அன்று மாலையே விலைக்கு நாலு வீட்டுக்குப் போக வேண்டியவை. பதற்றத்தில் ஒன்றைத் தையல் ஊசியால் குத்தினாள். உஸ்ஸென்று காற்று இறங்கியது, காற்றோடு, காதருகே வைத்தால் மட்டும் கேட்கிற அளவில், "நீ அழாதே" என்று வந்தது. அடுத்ததைக் குத்தினாள். "ஜன்னல் கொக்கியை மாத்து." குத்திய சாசேஜ் நெருப்பில் ஊமையாகிவிடும் என்பதைப் பொரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் குத்துவாள். சாப்பிட்டியா என்று கேட்கும், இளைப்புக்குக் கஷாயம் குடி என்று சொல்லும், பச்சைப் புடவையில நீ நல்லா இருக்கே என்று சொல்லும். கல்யாணமான நாளிலிருந்து அவன் மெல்லப் பேசி அவள் கேட்டது அப்போதுதான். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சிரித்த நாளும் உண்டு. அந்தக் கஷ்டத்திலும் அவள் சந்தோஷமாக இருந்தாள். இதை அவளே பிற்பாடு சொல்லியிருக்கிறாள்.

ஜூன் மாதம் இன்ஸ்பெக்டர் ஆராவமுதன் வாரண்டோடு வந்தார். அல்சூரில் வீடு, நெற்றியில் மெலிதாக நாமம், நேர்மையானவர் என்று பேர். கான்ஸ்டபிள் கோவிந்தப்பா ஏணியைத் தூக்கிப் பரணில் சாய்த்து முதல் படியில் காலும் வைத்துவிட்டான். யூனிஸின் அடுப்பில் உப்புப் பார்க்கப் போட்ட சாசேஜ் பொரிந்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் மூக்கை ஒரு பக்கமாகத் திருப்பினார். சப்-இன்ஸ்பெக்டராக இருந்த காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை கிறிஸ்மஸ் விருந்தில் இதை அவர் தட்டில் வைத்திருக்கிறார். பயத்தில் தின்றவர் அதன் ருசியைப் பத்து வருஷமாக யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டிருந்தார். வெங்காயம்கூட நாள் பார்த்து நுழைகிற வீட்டில் எப்படிச் சொல்வார், பாவம்.

"என்னம்மா அது?" என்றார்.

"சாசேஜ் சார். ஒண்ணு சாப்பிடுறீங்களா?"

அவர் கான்ஸ்டபிளைப் பார்த்தார். "நீ வெளியில நில்லு. நான் இங்க பாத்துக்கறேன்." கோவிந்தப்பா ஏணியிலிருந்து காலை எடுத்துவிட்டு வெளியே போனான். பரண் அன்று சோதிக்கப்படவில்லை.

அதற்கப்புறம் சனிக்கிழமை தோறும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவார். சனிக்கிழமை பெருமாளுக்கு உகந்த நாளாயிற்றே என்றால், அதைப் பெருமாள்தான் கேட்க வேண்டும், நமக்கென்ன. புரட்டாசி முழுக்க வரமாட்டார், அந்த மட்டுக்கும் மரியாதை இருந்தது. கோவிந்தப்பா வாசலில் நிற்பான், விசாரணை நடப்பதாக நினைத்துக்கொண்டு. விசாரணையும் நடக்கும். "வீட்டுக்காரர்கிட்டேருந்து ஏதாவது தகவல் உண்டா?" என்பார். "இல்லீங்க சார்" என்பாள். அவர் தலையை ஆட்டிவிட்டு வாணலியைப் பார்ப்பார். தலைக்கு மேலே ஓர் ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பான். ஒரு எலி ஓடினாலும் யூனிஸ் கரண்டியால் வாணலியைத் தட்டிச் சத்தம் போடுவாள். புலி வாலைப் பிடித்தவள் விடவும் முடியாது, பிடித்துக்கொண்டே இருக்கவும் முடியாது. வருஷங்கள் இப்படிப் போயின. டோரீன் வீட்டில் ரேடியோ வந்தது, தெருவுக்கு விளக்கு வந்தது, சில்வெஸ்டருக்குப் பரணிலேயே தலை நரைத்தது.

1953இல் ஒரு சனிக்கிழமை, தட்டைத் துடைத்துவிட்டு ஆராவமுதன் சொன்னார்: "ஊசியால குத்திக் குத்தி வெக்கறியே, சாறெல்லாம் வாணலியிலேயே போயிடறதும்மா. அடுத்த வாரம் குத்தாம போடு. நான் எதிர்ல உட்காந்துண்டே பாக்கறேன்."

நாக்குக்குச் சொன்னாரா, மோப்பம் பிடித்துச் சொன்னாரா, யாருக்குத் தெரியும். முடியாது என்றால் ஏன் என்று கேட்பார். போலீஸ்காரர் ஒருமுறை ஏன் என்று கேட்க ஆரம்பித்தால் ஏணிவரைக்கும் போகும். யூனிஸ் அந்த வாரம் தூங்கவில்லை. ஊதாமல் தண்ணீர் மட்டும் விட்டுப் பார்த்தாள், அடைக்கும்போதே குடல் கிழிந்தது. தானே ஊதிப் பார்த்தாள். இளைப்பு வந்ததுதான் மிச்சம். டோரீன் மாதா கோயிலுக்குப் போன நேரத்தில் அதைப் பொரித்தபோது, அது அவளுடைய குரலிலேயே, "மேலே இருக்காரு, மேலே இருக்காரு" என்றது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாயை மூடினாலும் கெடும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் ஏணியில் ஏறி, சில்வெஸ்டரின் காதில் விஷயத்தைச் சொன்னாள். அவன் எழுந்து உட்கார்ந்தான். அப்புறம் வீட்டில் இருக்கிற குடல் எல்லாவற்றையும் கொண்டுவா என்று ஜாடை காட்டினான். உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டித் தீர்த்துவிடுவது என்று முடிவு. அவன் ஊதி முடிச்சுப்போட்டுக் கொடுக்கக் கொடுக்க அவள் குத்தினாள். கல் எறிந்தது நான் இல்லை, எனக்கு அப்போ வயிற்றுக் கடுப்பு, ஆலைக் கக்கூசில் இருந்தேன் என்றது ஒன்று. அம்மா சாவுக்குப் போக முடியாததை ஒன்று சொன்னது. பிறந்து மூன்று நாளில் போன பிள்ளைக்கு அவன் மனசுக்குள் வைத்திருந்த பேரை ஒன்று சொன்னது. அதைக் கேட்டு அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். பிறகு மறுபடியும் எடுத்தாள். சாயந்திரம் ஆக ஆகச் சொற்கள் சின்னதாகி, வெறும் ம், ம் என்று வந்து, கடைசியில் காற்று மட்டுமே வந்தது. அதற்கப்புறம்தான் இன்ஸ்பெக்டருக்கான குடலை ஊதச் சொன்னாள்.

சனிக்கிழமை ஆராவமுதன் சொன்னபடி எதிரிலேயே உட்கார்ந்தார். அடுப்புக்கும் அவருக்கும் நடுவே ஒரு முழம்தான். யூனிஸ் கொழுப்பைக் காயவைத்து, குத்தாத சாசேஜ்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். கொழுப்பு மணிக்கட்டில் தெறித்தது, அவள் கவனிக்கவில்லை. முதலாவது உப்பியது, பொன்னிறமானது, பேசவில்லை. இரண்டாவதும் பேசவில்லை. இன்ஸ்பெக்டர், "பாத்தியா, சாறு உள்ளேயே நிக்கறது" என்றார். அவள் சிரிக்க முயன்றாள். மூன்றாவது தோல் இழுபட்டு, பளபளத்து, ஒரு பக்கமாக வெடித்தது. தறிக்கூடத்து வாசல்வரை கேட்கிற அந்தக் குரல் அடுக்களையை நிறைத்தது.

"எனக்கும் ஒண்ணு எடுத்து வையி, யூனிஸ். பசிக்குது."

யூனிஸின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. பயம் ஒரு பக்கம் கிடக்கட்டும், அந்த நிமிஷத்தில் அவளைக் கொன்றது வேறு. நாலு வருஷமாக, புரட்டாசி போக, வாராவாரம் அந்த வாசனை பரணுக்கு ஏறியிருக்கிறது. மற்றதெல்லாம் பச்சையாக விலைக்குப் போய்விடும், சூடாகப் பொரிவது இன்ஸ்பெக்டர் தட்டுக்கு மட்டும். அவனுக்கு ஆறிப்போன சோறும் ரசமும் ஏணியில் ஏறும். ஊசி முனையில் அவன் சொன்னதெல்லாம் அவளைத் தேற்றச் சொன்னவை. எல்லாவற்றையும் கொட்டிய பிறகும் அவளுக்குத் தெரியாமல் அடியில் ஒளித்து வைத்திருந்தது இது ஒன்றுதான். ஒருநாளாவது கேட்டேனா பாவி என்று அவள் நெஞ்சில் அடித்துக்கொள்ளாத குறை.

வாசலிலிருந்து கோவிந்தப்பா, "கூப்பிட்டீங்களா சார்? யாரோ ஆம்பள குரல் கேட்டுச்சே" என்றான். பூட்ஸ் சத்தம் ரெண்டு அடி உள்ளே வந்தது.

ஆராவமுதன் வாணலியைப் பார்த்தார். யூனிஸைப் பார்த்தார். மேலே மட்டும் பார்க்கவில்லை. அந்த ஆளைப் பிடித்தால், எந்த வாணலியில், எந்தக் கறியில், எந்தக் கிழமையில் குரல் கேட்டது என்று கோர்ட்டில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் சும்மா இருந்தார் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் அடுத்து அவர் செய்ததற்கு அது காரணம் ஆகாது.

"நான்தான்பா பேசினேன்," என்று வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார். "பசிக்கறதுன்னேன். நீ அங்கேயே நில்லு."

பூட்ஸ் திரும்பிப் போயிற்று. அவர் குனிந்து கரண்டியை எடுத்து அவளிடம் கொடுத்தார். தட்டு வந்ததும் வழக்கம்போல உடனே கை வைக்கவில்லை. எச்சில் படுவதற்கு முன், வெடித்த அந்தச் சாசேஜை எடுத்து ஒரு தட்டு மூடியில் தனியாக வைத்து, ஏணிப் பக்கமாகத் தள்ளினார்.

"இது காக்காய்க்கு," என்றார். "சாப்பிடறதுக்கு முன்னாடி காக்காய்க்கு வெக்கறது எங்காத்து வழக்கம். ஆறிப்போறதுக்குள்ள வெச்சுடணும்."

விளக்கு வைத்த பிறகு காக்கை வராது என்பது பிரேசர் டவுனில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். யூனிஸ், "சரிங்க சார்" என்றாள். அவர் மீதியைச் சாப்பிட்டார். போகும்போது, "வீட்டுக்காரர்கிட்டேருந்து ஏதாவது தகவல் உண்டா?" என்று கேட்டார். "இல்லீங்க சார்" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார். தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்து, அவள் மூடியை ஏந்திக்கொண்டு ஏணியில் ஏறினாள். சூடு இன்னும் போகவில்லை.

அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமைகூட காக்கைப் பங்கு தவறியதில்லை. புரட்டாசியில் அவர் வராத வாரங்களில் யூனிஸே வைத்தாள். மைசூர் ராஜ்ஜியம் பெரிதாகி வரைபடம் மாறியது, நயா பைசா வந்தது, இன்ஸ்பெக்டர் ரிட்டையர் ஆனார், சனிக்கிழமை மட்டும் அப்படியே இருந்தது. 1959இல், ஒரு கண் போன மேஸ்திரி, தான் யாரையும் சரியாகப் பார்க்கவில்லை என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார். கேஸ் தள்ளுபடியானது. அவரை யார் போய்ப் பார்த்துப் பேசினார்கள் என்று தெரியாது. நாமம் போட்ட ஒருவர் குடையோடு போனதாக டோரீன் சொல்வாள், அவள் சொல்வதையெல்லாம் நம்புவதற்கில்லை.

சில்வெஸ்டர் கீழே இறங்கினான். கால் நிமிர ஒரு மாதம் ஆயிற்று. பேச்சு மட்டும் வாய்க்குத் திரும்பவில்லை, அது குடலில் பழகிவிட்டது. தெருவில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அவனிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கேட்பார்கள், சனிக்கிழமை பதில் வரும்.

இறங்கிய வார சனிக்கிழமை ஆராவமுதன் வேட்டியும் குடையுமாக வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் நரைத்த தலையோடு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். அவர் தன் இடத்தில் உட்கார்ந்தார். "வீட்டுக்காரர்கிட்டேருந்து ஏதாவது தகவல் உண்டா?" என்றார், பத்து வருஷப் பழக்கம். "இல்லீங்க சார்" என்றாள் யூனிஸ், அவளுக்கும் பத்து வருஷப் பழக்கம். அவர் தலையை ஆட்டினார். முதல் சாசேஜை எடுத்து மூடியில் வைத்து, இந்தத் தடவை ஏணிப் பக்கம் தள்ளாமல் மேசைக்கு எதிர்ப்பக்கம் நகர்த்தினார்.

"இது காக்காய்க்கு," என்றார்.

சில்வெஸ்டர் அதை எடுத்துக் கடித்தான். வாணலியில் இன்னொன்று வெடித்து, தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி, "நீங்களும் சாப்பிடுங்க சார், ஆறிடப் போகுது" என்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆராவமுதன் சாப்பிட ஆரம்பித்தார். யூனிஸ் நெருப்பைக் கொஞ்சம் தணித்தாள்.