டீச்சர் வாங்கிய உப்பு

நிஜாமுதீன் கடையைக் காலி செய்துவிட்டுப் போகாமல் தடுத்தது விஜயராணி டீச்சர்தான். தில்லை நகரில் அந்தக் குறுக்குத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டால் டீச்சரே சொல்வாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தது. மெயின் ரோட்டில் ஏசி போட்ட பெரிய கடை வந்த பிறகு நிஜாமுதீன் தன் மளிகைக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். துவாக்குடியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்தது, கிளம்பவே இருந்தான். டீச்சர் அப்போதுதான் ரிட்டயராகி வீட்டில் உட்கார்ந்திருந்தாள். சும்மா இருப்பாளா? வீடு வீடாக ஏறினாள். “நமக்குன்னு தெருவுல ஒரு கடை வேணாமா? பத்து ரூபா கூடப் போனா குடியா முழுகிடும்?” என்று எல்லோரையும் பிடித்து உலுக்கினாள். வாட்ஸப்பில் குரூப் ஆரம்பித்தாள். கடைசியில் கடை வாசலில் நின்று, “எங்கயும் போகாதீங்க தம்பி. நாங்க இருக்கோம்” என்றாள். அவன் அதை நம்பி வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, கடைக்கு மூன்று வருட வாடகை அக்ரிமென்ட் போட்டான்.

ஆறு மாதம் டீச்சர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அதை மறுக்க முடியாது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஸ்ரீரங்கத்திலிருந்து சம்பந்தி வீட்டார் சாப்பிட வருவதாகப் போன் செய்தார்கள். வீட்டில் துவரம்பருப்பு இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் ஷட்டர் இறங்கியிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் அவன் தன் அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போவான். எத்தனை மணிக்குத் திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. வேறு வழியில்லாமல் டீச்சர் பெரிய கடைக்குள் நுழைந்தாள். பருப்பு கிலோவுக்கு இருபது ரூபாய் குறைவு. எண்ணெயும் குறைவு. மனசு குறுகுறுத்தது. ஆனாலும் பருப்போடு நிற்காமல் ஒரு மாதச் சாமானையும் அள்ளிக்கொண்டு வந்தாள்.

அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. சாமான் பையோடு வரும்போது கணவர் ரெங்கராஜ் ஸ்கூட்டரைப் பின் தெரு வழியாகச் சுற்றி ஓட்ட வேண்டும். “மிச்சம் பிடிச்சதெல்லாம் பெட்ரோலுக்கே போயிடும் போலிருக்கே” என்று அவர் கிண்டலடித்தால் இவளுக்குச் சுருக்கென்று குத்தும். அதற்குப் பரிகாரமாக நிஜாமுதீனிடம் தினமும் எதையாவது வாங்கினாள். தீப்பெட்டி, கொத்தமல்லி, ஒரு பாக்கெட் உப்பு. வீட்டில் உப்பு மட்டும் பதினோரு பாக்கெட் சேர்ந்துபோனது. வாங்கிய கையோடு குரூப்பில் ‘நம்ம தெரு, நம்ம கடை’ என்று போடுவாள். நாற்பது வீட்டுக்காரர்களும் கைகூப்பும் பொம்மை அனுப்புவார்கள். இத்தனை பேர் வாங்கும்போது நான் ஒருத்தி வாங்காவிட்டால் என்ன ஆகிவிடும் என்று சமாதானம் செய்துகொண்டாள். பெரிய கடையில் பில் போடும் வரிசையில் தெருவே நிற்பதை ஒருநாள் பார்த்தாள். எல்லோரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி நின்றார்கள்.

போன வாரம் நிஜாமுதீன் டீச்சர் வீட்டுக்கே வந்தான். கையில் புது அக்ரிமென்ட் தாள்.

“கட்டட ஓனர் இன்னும் மூணு வருஷத்துக்குப் போடச் சொல்றாங்க டீச்சர். அட்வான்ஸ் ஏத்திட்டாங்க. என் வீட்டுக்காரி ஆரிஃபா நகையை வித்துத்தான் கட்டணும். துவாக்குடியிலேர்ந்தும் மறுபடி கூப்பிடறாங்க.”

“வியாபாரம் எப்படிப் போகுது?” என்று கேட்டாள், ஒன்றும் தெரியாதவள் போல.

“டல்லுதான். தப்பு என் மேலதான் டீச்சர். நெனைச்ச நேரத்துக்கு மூடிட்டுப் போயிடறேன். எல்லாரும் வந்து வந்து திரும்பிப் போறாங்க. நீங்க ஒருத்தர்தான் விடாம வர்றீங்க. நீங்க சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்.”

போடுங்க என்று சொன்னால் இவளுடைய நல்ல பெயர் அப்படியே இருக்கும். ஆரிஃபாவின் நகை போகும்.

“போடாதீங்க தம்பி” என்றாள். “யாரும் வாங்க மாட்டோம். நானும்தான். ரெண்டரை வருஷமா மாசச் சாமான் பூரா அந்தப் பெரிய கடையிலதான் எடுக்கறேன். உங்ககிட்ட உப்பு வாங்கறதெல்லாம் என் மனசு உறுத்தாம இருக்கறதுக்குத்தான்.”

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

“அங்க துவரம்பருப்பு என்ன விலை டீச்சர்?”

சொன்னாள்.

“காந்தி மார்க்கெட்ல நான் மூட்டை எடுக்கறதே அதுக்கு மேல” என்றான். கோபமே இல்லை. எழுந்தவன், படித்தவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பி ஒன்று கேட்டான்.

“கம்பெனியில செவ்வாயும் வெள்ளியும் லீவு குடுப்பாங்களா டீச்சர்? அம்மாவை ஆட்டோவுல தூக்கி ஏத்தி இறக்கணும். ஆரிஃபாவால முடியாது.”

நானும் என் வீட்டுக்காரரும் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று சொல்ல வாயெடுத்தாள். எத்தனை மாதம் போவோம் என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டபோது பயமாக இருந்தது.

“தெரியலையே தம்பி” என்றாள்.