பாரெல்லாம் புகழ்

தூத்துக்குடியில் சங்கு வாடை அடித்தால் வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். மந்திரமூர்த்திக்கோ படிப்பு ஞாபகம் வந்துவிடும். என்ன செய்ய, அவன் படித்த காலேஜ் அப்படி.

காலேஜ் என்றதும் மணிக்கூண்டும் மைதானமும் என்று நினைத்துவிட வேண்டாம். சங்கு குவித்து வைக்கும் கிட்டங்கியின் மாடியில் ஒரே ஓர் அறை, நாலு பெஞ்சு, ஒரு கால் குட்டையான மேசை. கீழே சங்குச் சதை அழுகும், மேலே நாங்கள்தான் அழுகுகிறோம் என்று பையன்கள் சொல்லிச் சிரிப்பார்கள். வாசலில் மட்டும் 'விக்டரி டுட்டோரியல் காலேஜ்' என்று படிக்கட்டைவிட அகலமான போர்டு. யுத்த காலம், பெயரிலாவது ஜெயிக்கட்டும் என்று வைத்தார்களோ என்னவோ. பள்ளிக்கூடத்தில் வழுக்கி விழுந்தவர்களும் பாதியில் நின்றவர்களும் அங்கே சேர்ந்து மெட்ரிகுலேஷன் எழுதுவார்கள். பிரின்சிபால் சத்தியராஜ் சார். ஆறு பாடத்துக்கும் வாத்தியார் அவரே, மணி அடிப்பவரும் அவரே.

சாத்தான்குளத்தில் கருப்பட்டி யாவாரம் பார்த்த மந்திரமூர்த்தியின் அப்பா, "எம் மவன் காலேஜில படிக்கான்" என்று சந்தை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஒருமுறை நேரில் வந்து மாடிப்படியைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டார். பாவம், மனுஷன் ஊரில் போய் அதையும் சொல்லவில்லை.

அந்த மாடியில் மந்திரமூர்த்திக்கு வாய்த்த சிநேகிதன் அற்புதமணி பர்னாந்து. அவனுக்கும் இவனுக்கும் ஒரே வயது, இருபத்திரண்டு. அற்புதமணி காலையில் கடலில் சங்கு குளிப்பான், சாயங்காலம் நாலு மணிக்குத் தலையில் உப்புப் பூத்தபடி வந்து உட்காருவான். எதையும் இரண்டு தரம் சொன்னால்தான் அவனுக்குக் கேட்கும். சார் எரிச்சல்பட்டால், "காதுல கடல் கெடக்கு சார், இன்னொருக்க சொல்லுங்க" என்பான். வகுப்பே உருண்டு சிரிக்கும். சாருக்கும் சிரிப்பு வந்துவிடும். எத்தனை நல்ல சாயங்காலங்கள் அவை!

அற்புதமணிக்கு ஒரே ஒரு ஆசை. கடலுக்கடியில் முத்துச்சிப்பி விளைகிற திட்டுகளை அந்தக் கரையில் 'பார்' என்பார்கள். சிப்பி முற்றிவிட்டதா என்று சர்க்கார் வருஷாவருஷம் பார்களைச் சோதனை போடும். அதற்கு ஒரு குமாஸ்தா வேலை காலியாக இருந்தது. மெட்ரிகுலேஷன் தேறியிருக்க வேண்டும். கடைசியாக முத்துக் குளித்த வருஷங்களில் அற்புதமணியின் அப்பா பேர்போன குளியாள். எந்தப் பார் எங்கே கிடக்கிறது என்று மகனுக்குக் கை ரேகை போலச் சொல்லிக் கொடுத்துவிட்டுச் செத்துப்போனார்.

"பாரப் பத்தி எழுதுதவன் ஒருத்தனும் அதுல முங்குனதில்லலே. நான் முங்கவும் செய்வேன், எழுதவும் செய்வேன்" என்பான் அற்புதமணி. அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நாற்பத்துநாலு மார்ச்சில் பரீட்சை. பாளையங்கோட்டையில் ஒரு சத்திரத்தில் இருவரும் தங்கினார்கள். இங்கிலீஷ் பரீட்சைக்கு முந்தின நாள் மத்தியானம், மந்திரமூர்த்தி ஜியாமெட்ரியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தான். அவனுக்கும் அது கடைசி ஆட்டம். தவறினால் கொழும்பில் மாமா கடைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அற்புதமணி மொழிபெயர்ப்பு நோட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஏலே மந்திரம், இதுல பார்னு வருது. அதுக்கு வேற அர்த்தம் ஏதும் உண்டாலே?"

மந்திரமூர்த்தி தலையைத் தூக்கவில்லை. "ஒனக்குத் தெரியாத பாராலே? ஒங்கப்பன் முங்குன பார்தான். சும்மா கெட, எனக்குக் கணக்கு வரமாட்டங்கு" என்று விழுந்தான். அவ்வளவுதான் பேச்சு. உலகம் என்று ஒரு வார்த்தை சொல்ல எத்தனை நேரம் ஆகிவிடும்?

மறுநாள் இங்கிலீஷில் மொழிபெயர்க்க வந்தது ஒரு பாண்டிய ராஜாவின் கதை. அவன் புகழ் பாரெல்லாம் பரவியதாம். பார் முழுதும் அவன் குடையின் கீழ் வந்ததாம். அவன் இறந்தபோது பாரே அழுததாம். பரீட்சை முடிந்து வேப்பமரத்தடியில் எல்லோரும் விடையை ஒத்துப் பார்த்தபோது, அற்புதமணி தான் எழுதியதைச் சந்தோஷமாகச் சொன்னான். ராஜாவின் புகழ் எல்லா முத்துச்சிப்பித் திட்டுகளிலும் பரவிவிட்டது. திட்டுகள் எல்லாம் குடைக்கடியில் வந்துவிட்டன. கடைசியில் சிப்பிகள் கூடி ஒப்பாரி வைத்துவிட்டன.

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அற்புதமணிக்குப் புரியவில்லை. "பாண்டிய ராசாம்லே. முத்து அவனுக்குத்தான பாத்தியத?" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். பிறகு மந்திரமூர்த்தியின் முகத்தில் வந்து அவன் பார்வை நின்றது. சே! அந்த நேரத்திலாவது வாயைத் திறந்திருக்கலாம். மந்திரமூர்த்தியும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தான்.

மூன்று மார்க்கில் அற்புதமணிக்கு இங்கிலீஷ் போயிற்று. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதுதான். மந்திரமூர்த்தி தேறினான். தேறியவன் என்ன செய்தான் தெரியுமா? யூனிவர்சிட்டிக்குப் போகவில்லை. கருப்பட்டி விலை இறங்கி அப்பா கை விரித்துவிட, அதே பார் சோதனைக் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டான், கிடைத்தும் விட்டது. "எவனோ போறதுக்கு நீ போலே" என்று அற்புதமணியே தோளில் தட்டி அனுப்பினான். அந்தத் தட்டு மந்திரமூர்த்திக்கு அடிபோல விழுந்தது. அதன்பிறகு அவன் அந்த மாடிப்படி இருந்த தெருவழியே போவதை விட்டுவிட்டான்.

நாற்பத்தெட்டில் பெரிய சோதனை வந்தது. மெட்ராஸிலிருந்து ஓர் ஆபீசர் வந்திருந்தார். தோணியில் கரை மறைந்து வெகுதூரம் போனபின் கையிலிருந்த கடல் வரைபடத்தைப் பார்த்து, "இது நகரைப் பார்" என்றார். கூட வந்த குளியாட்களில் ஒருவன் கடலில் குதித்து, ஒரு நிமிஷத்துக்கு மேல் கழித்து ஒரு கை மண்ணோடு மேலே வந்தான். மண்ணை முகர்ந்தான். "நகரை இல்ல சார், இது தோலாயிரம் பார். நகரை இன்னும் வடக்க கெடக்கு" என்றான். அற்புதமணிதான்.

வடக்கே போய்ப் பார்த்தார்கள். அவன் சொன்னதுதான் சரி. அன்று முழுவதும் எந்தத் தோணிக்காரனுக்குச் சந்தேகம் வந்தாலும் "அற்புதமணியக் கேளு" என்றே குரல் வந்தது. ஆபீசருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "யாரய்யா இந்த ஆள்? இவரைப் பற்றி ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதும்" என்று மந்திரமூர்த்தியிடம் சொன்னார்.

மந்திரமூர்த்தி பேனாவைத் திறந்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் வேப்பமரத்தடியில் கேட்ட அதே இங்கிலீஷ் வாக்கியத்தை, ராஜாவுக்குப் பதில் அற்புதமணியின் பெயரைப் போட்டு, மற்றபடி ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதினான்: அற்புதமணியின் புகழ் எல்லா முத்துச்சிப்பித் திட்டுகளிலும் பரவிவிட்டது. இந்தத் தடவை அதில் தப்பே இல்லை. ஆபீசர் படித்துவிட்டுத் தலையாட்டிக் கையெழுத்தும் போட்டார்.

சாயங்காலம் தோணி கரைக்குத் திரும்பும்போது, அதன் முன்முனையான அணியத்தில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தவன் அருகே போய் அந்த வரியை வாசித்துக் காட்டினான். அற்புதமணி விழுந்து விழுந்து சிரித்தான். "சிப்பி அழுததையும் எழுதிருக்கலாம்லாலே!"

மந்திரமூர்த்தியால் சிரிக்க முடியவில்லை. "அற்புதம், அன்னைக்கு சத்திரத்துல நீ கேட்டல்லா. எனக்கு அர்த்தம் தெரியும்லே. தெரிஞ்சுதான் சொல்லாம வெரட்டுனேன். அப்புறம் நின்னு சிரிக்கவும் செஞ்சேன். ஒன் வேலைய நான் பாக்கேன். என்ன மன்னிச்சிருலே."

அற்புதமணி தலையைச் சாய்த்து, உள்ளங்கையால் காதைத் தட்டினான்.

"காதுல கடல் கெடக்குலே. இன்னொருக்க சொல்லு."

மந்திரமூர்த்தி முழுவதையும் மறுபடி சொன்னான். இந்தத் தடவை அழுதுகொண்டே, தோணியில் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னான்.

அற்புதமணி தோளில் கிடந்த துண்டை எடுத்து அவனிடம் நீட்டினான்.

"மூஞ்சியத் தொடலே. மொதத் தடவையே கேட்டுச்சு. நாலு வருசம் காத்துக் கெடந்தவன், ரெண்டு தரம் கேக்கப்பிடாதா?"