ஏறாத குரல்

கையுறையை மாட்டிக்கொண்டு அம்மாவின் தலைமாட்டில் ஹஃப்ஸா குனிந்தபோதுதான் அந்த நாசமாய்ப்போன போன் மறுபடி அடித்தது. காலையிலிருந்து எட்டாவது தடவை. மையத்தை, அம்மாவின் உடலை, குளிப்பாட்ட வந்திருந்த மஜீதா மாமி முகத்தைச் சுளித்தாள்.

"லுஹர் தொழுகைக்குள்ள மையத்த எடுக்கணும். பேசுறதுன்னா வெளிய போய்ப் பேசு. உனக்காக நிறுத்தி வைக்க முடியாதும்மா."

ஹஃப்ஸா வெளியே வந்து எடுத்தாள். பிரின்சிபால் பிலோமின்ராஜ்.

"கேக்கக் கூடாதுதான் மேடம். ஒன்பதாங்கிளாஸ் பையனோட அப்பா ஆபீஸ்ல நின்னு கத்துறாரு. நீங்க பேசினா அடங்கிடுவாரு. ரெண்டே நிமிஷம், ஸ்பீக்கர்ல போடுறேன்."

பள்ளிக்கூடத்தில் ஆயிரத்தெண்ணூறு பிள்ளைகளுக்கு அவள் ஒருத்திதான் மனக்குறை கேட்கிற கவுன்சிலர். பிள்ளைகள் அழுதால் கேட்கத்தான் வேண்டும், அது அவள் வேலை. அப்பன்மார் கத்தினாலும் அவளிடமே அனுப்பினார்கள். டீச்சர் வீட்டுச் சண்டையும் அவள் தலையில்தான். நேற்று எல்லாவற்றையும் கேட்டு முடித்து, துவாக்குடியிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்து மலைக்கோட்டைச் சந்து வீட்டுக்குள் நுழைந்தாள். "ஹஃப்ஸா, நெஞ்சு ஒரு மாதிரி..." என்று ஆரம்பித்தாள் அம்மா.

"சும்மா இரும்மா! காலைல கேக்குறேன்."

காலையில் அம்மா எழுந்திருக்கவில்லை.

நினைத்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும்!

"நீங்கள்லாம் மனுஷங்களா சார்? எங்கம்மாவக் குளிப்பாட்டிட்டு இருக்கோம். இனிமே யாருக்காகவும் நான் பேசமாட்டேன்."

சொல்லிவிட்டாள். ஆனால் பதினோரு வருஷப் பழக்கம், அந்தப் பாழும் குரல் ஏறவே இல்லை. பயந்த பிள்ளையை நாற்காலியில் உட்கார வைக்கிற அதே குரல்.

"புரியுது மேடம். உங்க பொறுமை யாருக்கும் வராது. சரி, அடக்கம் முடிஞ்சதும் ஒரு கால் பண்ணிடுங்க."

போனை அணைத்து மூலையில் எறிந்துவிட்டு உள்ளே ஓடினாள். அதற்குள் மற்றவர்கள் மளமளவென்று குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். கடைசியாக ஊற்றுகிற கற்பூரத் தண்ணீரை மட்டும் தங்கை ஜெஸிமா ஒதுக்கி வைத்திருந்தாள்.

"இது உனக்குத்தான்க்கா. யாருக்கும் தர மாட்டேன்னு பிடிச்சு வெச்சிருக்கேன்."

ஹஃப்ஸா குவளையை வாங்கினாள். முகந்து ஊற்றிய வேகத்தில் தண்ணீர் சுவர்வரை தெறித்தது.

"மெதுவா, ஹஃப்ஸா. மையத்துக்கு நோகும்."

"மெதுவா, மெதுவா! எனக்கு வராது மாமி!"

வாசலில் இருந்த ஆம்பளைகள் பேச்சு நின்றது. பிரின்சிபாலிடம் ஏறாத குரல் இங்கே ஏறியிருந்தது. மஜீதா மாமி வாளியைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

ஹஃப்ஸா மறுபடி முகந்தாள். போர்த்தியிருந்த துணிக்கு மேலே, நெஞ்சுப் பக்கம், சிறுகச் சிறுக ஊற்றினாள். தண்ணீர் தீர்ந்த பிறகும் குவளையை நிமிர்த்தவில்லை.