சம்மனசுக்கு வைத்த தண்ணீர்

பங்கருக்குள் பிறந்து ஆறாம் நாள் செத்துப்போன தன் இளைய மகளை மரியநேசன் சம்மனசு, மோட்சத்து வானதூதர், என்று சொல்லித்தான் கும்பிடுவான். "நீ ஞானஸ்நானம் குடுத்தபடியால் நேரே மோட்சம் போயிட்டாள்" என்று மனைவி மார்கிறட்டிடம் சொல்லும்போதெல்லாம் அவள் எழும்பிக் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவாள். பதினேழு வருடமாக இதே கதைதான். சாகக் கிடக்கிற பிள்ளையின் தலையில் யார் தண்ணீர் ஊற்றிச் செபித்தாலும் அது ஞானஸ்நானந்தானே.

போரில் செத்த குழந்தைகளின் பெயர்களைக் கோவிலில் கல்லில் பொறிக்கப் போகிறார்கள் என்று பங்குச் சுவாமியார் படிவம் கொடுத்திருந்தார். ஆண்டவர் பாவிகளுக்காகத்தான் பரிகாரமாகச் செத்தார், சம்மனசுகளுக்காக அல்ல என்றும் அன்று பிரசங்கத்தில் சொன்னார்.

"சரிதானே," என்று வீட்டுக்கு வந்து சிரித்தான் மரியநேசன். "ஆறு நாளில பாவஞ்செய்ய எங்கட சின்னவளுக்கு எங்க நேரம்?"

படிவத்தை நிரப்பியவள் மூத்தவள் நிறஞ்சனா. "அம்மா, ஞானஸ்நானம் குடுத்தது எண்டு உங்கட பேரைப் போடவோ?"

கல்லில் பொய் எழுத மார்கிறட்டுக்கு மனம் வரவில்லை. "நான் ஊத்தேல்ல."

"ஞானஸ்நானத்துக்கெண்டு போத்தலில கொஞ்சத் தண்ணி வச்சிட்டுத்தானே பங்கரை விட்டுப் போனனான்?" என்றான் மரியநேசன்.

"அதை நிறஞ்சனாவுக்குப் பருக்கிப்போட்டன். பாவம் என்னோட."

"அப்ப இவ்வளவு நாளும் நான் ஆரைக் கும்பிட்டனான்?" என்று கேட்டான் அவன்.

நிறஞ்சனா படிவத்திலிருந்து நிமிர்ந்தாள். "தலையில ஊத்த ஒரு துளி காணுமே அம்மா! எனக்குப் பருக்கேக்க ஒரு துளி மிச்சம் பிடிக்கேலாமப் போச்சே? என்ன தாய் நீங்கள்?"

"நீ விட்டாத்தானேடி மிஞ்சும்! பறிச்சுக் குடிச்சிட்டு வெறும் போத்தலைக் கவிட்டுக் காட்டினனி!"

சொல்லி முடிக்குமுன்பே வாயைப் பொத்திக்கொண்டாள் மார்கிறட். இந்தச் சொல் மகளின் காதில் விழக்கூடாது என்றுதானே, பாவசங்கீர்த்தனத்தில்கூட அதைத் தன் பாவமாகச் சொல்லி, சுவாமியார் சொன்ன செபமாலையெல்லாம் முழங்காலில் நின்று சொன்னாள்!

"நாலு வயசுப் பிள்ளை. தாகம். உனக்கு என்ன தெரியும்..." அவள் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை.

ஞானஸ்நானம் என்ற இடத்தில் நிறஞ்சனா 'இல்லை' என்று எழுதினாள். படிவத்துக்குத் தகப்பன் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"சுவாமியாரிட்ட நானே குடுக்கிறன். ஆர் குடிச்சதெண்டும் சொல்லுறன்."

"சாப்பிட்டிட்டுப் போ பிள்ளை," என்றாள் மார்கிறட்.