வேம்படியில் மின்னிய பிள்ளை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்யாணமான மறுநாளே என் வீட்டுக்காரர் செல்லப்பாண்டி கண்டுபிடித்துச் சொன்னது அது. அப்பேர்ப்பட்ட வாயை ஐம்பத்தெட்டாம் வருஷச் சித்திரை மாசம் முழுக்கப் பொத்திக்கொண்டு கிடந்தேன். வீட்டுக்குள் என் மகன் பெத்தணன் பெரியம்மை கண்டு வேப்பிலைப் படுக்கையில் கிடந்தான்.

ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே எங்கள் ஊர். கம்பும் பருத்தியும் வத்தலும்தான் பிழைப்பு. அந்த மாசம் தெருவில் பாதி வாசல்களில் வேப்பிலை தொங்கியது. வேப்பிலை தொங்குகிற வீட்டுக்குள் அசலார் நுழையக் கூடாது. அங்கே தாளிக்கக் கூடாது, படுத்திருக்கிற பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. தாளிக்கிற சத்தம் இல்லாத ஊர் எப்படி இருக்கும் தெரியுமா? பட்டப்பகலில் காது அடைத்துக்கொள்ளும். நாய்கள்கூட எதையோ பார்த்துக்கொண்டு சும்மா நின்றன.

மாசி மாசம் அம்மை குத்துகிறவர் வந்தபோது, பையனைத் தானியக் குதிருக்குள் இறக்கி ஒளித்துவைத்த மகராசர் என் வீட்டுக்காரர்தான். "அம்மை குத்துனா ஆத்தாளுக்குக் கோவம் வரும்டி" என்றார். இப்போ மட்டும் ஆத்தாள் சிரித்துக்கொண்டா வந்திருக்கிறாள் என்று கேட்க நாக்கு துடிக்கும். பிள்ளை முனகுவான், அடங்கிப்போவேன்.

அப்படி ஒரு உச்சி வேளையில் பக்கத்து வீட்டு முத்துமாரியம்மாள் குடத்தைக் கிணற்றடியிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள். வாசலுக்கு வெளியே நின்றபடி மூச்சு வாங்கினாள்.

"மதினி, வேம்படியில ஒரு பொம்பளப்பிள்ளை நிக்குது. மூஞ்சி, கையி, காலு எல்லாம் மின்னுது மதினி! காலடியில நெழலையே காணோம்!"

"உச்சி வெயில்ல உன் நெழலு எங்கடி இருக்கு, பாரு" என்றேன். ஆனாலும் போய் எட்டிப் பார்த்தேன். பார்த்ததும் நானும் ஓரெட்டுப் பின்னால் வந்தேன், பொய் சொல்லுவானேன்.

எட்டு வயசுப் பிள்ளை இருக்கும். முகமெல்லாம் வெள்ளி. புருவமும் இமை மயிரும்கூட வெள்ளி. வெயில் பட்டுக் கண் கூசியது. எங்களைப் பார்த்து வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அதற்குள் பூசாரி ஊர்க்காவலன் மண்ணில் விழுந்துவிட்டார். அவர் விழுந்ததைப் பார்த்து ஊரே விழுந்தது.

அப்போது அந்தப் பிள்ளை மெதுவாகத் தலையைத் திருப்பித் தனக்குப் பின்னால் பார்த்தாள். பின்னால் இருந்தது சோலைமலை வீடு. அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் சோலைமலையின் கைப்பிள்ளை போய்விட்டது.

போதாதா ஊருக்கு? "இருக்கன்குடி ஆத்தாளே எறங்கி வந்திருக்கா. எந்தப் பக்கம் பாக்காளோ அந்த வீட்டைக் கேக்கா" என்று ஊர்க்காவலன் சொல்லிவிட்டார். பேச்சுக் கொடுக்கக் கூடாது, பேர் கேட்கக் கூடாது, முகத்தை உற்றுப் பார்க்கக் கூடாது. கொண்டுபோனதை வைத்துவிட்டு முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்து வந்துவிட வேண்டும். பச்சரிசியும் வெல்லமும் இடித்த துள்ளுமாவு, பானகம், பழம், மஞ்சத்தண்ணி என்று வேம்படி நிறைந்துவிட்டது. ஒன்றையும் அவள் தொடவில்லை. ஆட்கள் வரும்போதெல்லாம் தலையைத் திருப்பித் திருப்பிப் பின்னால் பார்ப்பாள். யார் வீட்டுப் பக்கம் திரும்பினாளோ அந்த வீட்டுப் பெண்கள் ஒப்பாரிக்கே தயாராகிவிட்டார்கள்.

மறுநாள் அவள் உட்கார்ந்துவிட்டாள். அதற்கு மறுநாள் மரத்தில் சாய்ந்துவிட்டாள். ஆத்தாள் குளிர்ந்துவிட்டாள் என்றார் ஊர்க்காவலன். எனக்கு மட்டும் மனசு ஒரு மாதிரி இருந்தது. உதடு வெடித்திருந்ததே, சாமிக்கு உதடு வெடிக்குமா? கேட்கலாம்தான். உள்ளே பிள்ளை கிடக்கிறான், நான் எங்கே கேட்க.

அன்றைக்கு உச்சியில் எங்கள் வாசல் கதவில் கை வைத்துத் தேய்க்கிற சத்தம் கேட்டது. தட்டவில்லை. தேய்க்கிற சத்தம்தான். என் வீட்டுக்காரர் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு அப்படியே சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"வந்துட்டாடி. நம்ம பயலைக் கேட்டு வந்துட்டா. தெறக்காத!"

உள்ளே பெத்தணன் அந்த நேரம் பார்த்து முனகுவதை நிறுத்தினான். வீடு கம்மென்று ஆனது. கதவில் மட்டும் அந்தத் தேய்ப்பு. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, பொத்துக்கொண்டு வந்தது ஆத்திரம். சாமியாக இருந்தால் என்ன, என் பிள்ளையைக் கேட்க நீ யார்? சண்டை போடத்தான் கதவைத் திறந்தேன். கையில் பிள்ளைக்கு வைத்திருந்த தண்ணீர்ச் செம்பு.

வாசற்படியில் அவள் மண்டிபோட்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. செம்பைத்தான் பார்த்தாள். இரண்டு கையையும் குவித்து வாயோடு சேர்த்துக்கொண்டாள்.

வாய்க்கு வந்த ஏச்சு அப்படியே நின்றுவிட்டது. என் கை தானாகச் செம்பைச் சாய்த்தது. அவள் குடித்த குடி இருக்கிறதே, அந்தக் கடக் கடக் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பாதித் தண்ணீர் கை வழியாக முழங்கை வரை ஓடியது. ஓடின இடத்தில் வெள்ளி கரைந்து கறுத்த தோல் தெரிந்தது. அந்தத் தோலில், மணிக்கட்டுக்கு மேலே, வட்ட வட்டமாகத் தழும்பு.

அம்மை குத்தின தழும்பு.

"என்னங்க" என்று கத்தினேன். "இங்கன வந்து பாருங்க! அம்மை போடுற ஆத்தாளுக்கே அம்மை குத்தி வச்சிருக்கான், எந்த ஊரு கூத்து இது?"

அவர் வரவில்லை. நான் அவளைத் தூக்கினேன். ஒரு முறம் பருத்தி கனம்கூட இல்லை. "அம்மை வீட்டுக்குள்ள அசலாரைக் கொண்டு வராதடி, பயலுக்கு ஆகாது!" என்று அவர் அலறினார். எனக்கும் பயம்தான். என் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் ஊர் என்னைச் சும்மா விடுமா, நான்தான் என்னைச் சும்மா விடுவேனா? ஆனால் இந்த வெயிலில் இன்னொரு பொழுது விட்டால் இவள் பிணம். குத்தின பிள்ளைக்கு அம்மை ஒட்டாது என்று சாத்தூரில் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனது ஆகட்டும் என்று உள்ளே கொண்டுபோனேன்.

கொல்லையில் உட்காரவைத்துத் தேய்த்தேன். தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடியது. தலை நிறையப் பேன். "ஊரே விழுந்து கும்புட்ட தலையா இது, மூதேவி, இம்புட்டு ஈரும் பேனும்!" என்று வைதேன். முதல்முறையாகச் சிரித்தாள். கூழ் உள்ளே போனபிறகு பேச்சு வந்தது.

பேர் வள்ளித்தாய். ஓடைக்கு அங்கிட்டு ஊர். பட்டாசு கம்பெனியில் மத்தாப்புக்கு வெள்ளிப்பொடி சலிக்கிற வேலை. அங்கேதான் எல்லாருக்கும் அம்மை குத்தினார்களாம். பிறகு அம்மை பரவவும் கம்பெனியை மூடி, பிள்ளைகளை அப்பின பொடியோடேயே லாரியில் ஏற்றி ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

"வீட்டுல எங்க அம்மா முத்தோட கெடந்து செத்துப்போனா அத்தை. தூக்க வந்தவுக மூலையில என்னையப் பாத்துட்டு ஓடிட்டாக. பெறகு வந்து அம்மாவை மட்டும் தூக்கிட்டுப் போனாக. நான் பின்னாலயே போனேன். அவுக ஓடுனாக. ஓடையைத் தாண்டி இங்கன வந்து நின்னேன்."

"வேம்படியில அம்புட்டு வச்சிருந்தாகளே, எடுத்துத் திங்க வேண்டியதுதானடி?"

அவள் கண்ணை அகல விரித்தாள். "அது சாமிக்கு வச்சதுல்லா? எனக்குப் பின்னாடி யாரோ நிக்காகன்னு எல்லாரும் விழுந்து கும்புட்டாக. நான் திரும்பித் திரும்பிப் பாத்தேன் அத்தை. எனக்கு மட்டும் தெரியவே இல்ல. பயமா இருந்துச்சு."

கொல்லையிலேயே உட்கார்ந்து அழுதேன். பெத்தணன் அன்று சாயங்காலம் தண்ணீர் கேட்டான். கொஞ்ச நாளில் முத்து இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். முகமெல்லாம் தழும்பு, கண் தப்பியது. ஆனால் அதெல்லாம் பிறகு.

மறுநாள் காலையில் வேம்படி வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்த்து ஊர் கூடி அழுதது. நான் வள்ளித்தாயைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

"இங்கன இருக்கா உங்க ஆத்தா! ஓடைக்கு அங்கிட்டு ஊரு வள்ளித்தாய். வயித்துப் பசியில செத்துப் பிழைச்ச பிள்ளை. கொண்டாந்த சோத்தை இங்கன கொண்டாங்க!"

எல்லாரும் பார்த்தார்கள். குளித்துத் தலை சீவின கறுத்த பிள்ளை. ஊர்க்காவலன் தூரத்திலிருந்தே கேட்டார், "அங்க எந்தத் தெரு?"

"கீழத்தெரு" என்றாள் வள்ளித்தாய். பிறகு என் சேலைக்குள் ஒளிந்துகொண்டு, "அத்தை, உள்ள போவமா?" என்றாள்.

"கீழத்தெருவுக்கு அத்தையாம்ல!" என்று கூட்டத்தில் ஒரு குரல். முத்துமாரியம்மாள் பானகச் செம்போடு ஒரு எட்டு முன்னால் வந்தாள். பின்னால் திரும்பி ஊரைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

ஊர்க்காவலன் வேம்படிக்குத் திரும்பினார். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் திரும்பினார்கள். யாரும் இல்லாத அந்த மரத்தடியில் துள்ளுமாவையும் பழத்தையும் சோற்றையும் வரிசையாக வைத்தார்கள். நேற்றைப் போலவே விழுந்து கும்பிட்டார்கள், முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்தார்கள்.

வள்ளித்தாய் சேலைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அத்தை, இப்பம் சாமி வந்துட்டாகளா?"

"வரலைடி" என்றேன். "நீ உள்ள வா. கூழு ஆறுது."