ஏழாம் பக்கத்து மூலை

பதினெட்டு வருடமாக ஒரு நாளிதழில் பிழை திருத்துகிறவர் அவர். ஒரு துணைக்கால் விடுபட்டாலும் கண்ணில் தூசி விழுந்ததுபோல் துடித்துப்போவார் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டல் செய்வார்கள்.

அன்று மேசைக்கு வந்த பக்கத்தில் இரண்டு படங்கள். பூட்டிய வீட்டில் திருடியவன் ஒருவன். அவனைப் பிடித்துக்கொடுத்த குழாய் ரிப்பேர்க்காரர் இன்னொருவர். படங்களுக்குக் கீழே உள்ள வரிகள் இடம் மாறியிருக்குமோ என்று மனதில் தட்டியது. நிருபரைக் கேட்கலாம் என்று போனை எடுத்தார். அதற்குள் மனைவி அழைத்தாள். மச்சினன் வீட்டு விருந்துக்கு நேரமாகிறதாம். சரியாகத்தான் இருக்கும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மாறித்தான் இருந்தது.

"விடுங்க சார், நாளைக்கு ஒரு திருத்தம் போட்டாப் போச்சு" என்றார் ஆசிரியர்.

ஏழாம் பக்கத்து மூலையில் மூன்று வரி. அதையும் அவரேதான் பார்த்துக் கொடுத்தார். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. ஆனாலும் சோறு இறங்கவில்லை. திருத்தம் என்றால் சரியாக்குவது என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தார்.

பத்து நாள் மென்று முழுங்கிவிட்டு, முகவரி விசாரித்துப் போனார். குழாய்க்காரர் வாசலில் உட்கார்ந்து, துடைத்த ஸ்பானரையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கொடுத்தவன் நான்தான். சந்தேகம் வந்துச்சு. வந்தும் விட்டுட்டேன்."

குழாய்க்காரர் நிமிரவில்லை. "தப்பைக் கால் பக்கத்துக்குப் போட்டீங்க. திருத்தத்தை எறும்பு சைஸுல போட்டீங்க. பத்து நாளா ஒரு போன் இல்ல சார். என் பொண்ணு ஸ்கூலுக்கே போக மாட்டேங்குது."

"வழக்கமா வேலை பார்க்கிற வீடுங்களக் காட்டுங்க. நானே வந்து சொல்றேன்."

இருவரும் சேர்ந்து போன முதல் வீட்டில் கதவே திறக்கவில்லை. அடுத்த வீட்டில் "அப்படியா, பாவம்" என்று சொல்லிச் சாத்திக்கொண்டார்கள். நான்காவது வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டி ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த வீட்டம்மா, பிழை திருத்துகிறவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"படத்தைப் பார்த்தேன். திருத்தமெல்லாம் யாருங்க படிக்கிறா? சரி, வாசல்ல நிக்கிறவரை உள்ள வரச் சொல்லுங்க. ஆனா வேலை முடியிற வரைக்கும் நீங்களும் பக்கத்துலயே நில்லுங்க."

பிழை திருத்துகிறவருக்கு முகம் சுண்டிவிட்டது. குழாய்க்காரர் காதில் விழாதவர்போல் தொட்டிக்கு அடியில் குனிந்து படுத்தார். வீட்டம்மா ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

முக்கால் மணி நேரம். அவர் உட்காரவில்லை.