வாகனத்தை ஓரமாக நிறுத்தவும்

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு லாரி கம்பெனிக்காக, வண்டிக்குள் ஒலிக்கும் எச்சரிக்கை வாசகங்களை எழுதித் தரப் போயிருந்தேன். ஓட்டுநருக்குக் கண் சொருகினால் எதிரே இருக்கும் கேமரா கண்டுபிடித்துவிடும். உடனே பதிவு செய்த பெண்குரல், "களைப்பாக இருக்கிறீர்கள். வாகனத்தை ஓரமாக நிறுத்தவும்" என்னும். அந்த வாசகம் என்னுடையது. நான் எழுதியதிலேயே அதிகம் பேர் கேட்டது அதைத்தான், ஒருவரும் பாராட்டியதில்லை.

வேலை பழக, கட்டுப்பாட்டு அறையில் ஒரு பெண்ணின் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். அவள் திரையில் நாற்பது லாரிகள், நாற்பது பச்சைப் புள்ளிகள். அதில் ஒன்று அவள் கணவன்.

2

தொடங்கிப் பார்த்த விதங்கள்:

அவள் நாள் முழுக்க அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஆனால் — (வேண்டாம். 'ஆனால்' வந்ததுமே பேனாவை மூடிவிடுகிறேன்.)

பத்தொன்பது நாளாகப் புள்ளியோடு குடும்பம் நடத்துகிறவள் — (இது அவளே சிரித்துக்கொண்டு சொன்னது. என் சொத்தில்லை.)

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வண்டி ஓடும்போது ஓட்டுநரின் போன் வேலை செய்யாது; பாதுகாப்பு ஏற்பாடு. எச்சரிக்கை வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு, கட்டுப்பாட்டு அறைக்குப் பேசியாக வேண்டும். தூக்கம் தெளிந்ததா என்று இரண்டு நிமிடம் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார்கள். கேமரா கோட்டைவிட்டால் அதே எச்சரிக்கையை ஒலிக்கவைக்க அவள் மேசையிலும் ஒரு பொத்தான் உண்டு.

அவள் அதைச் சும்மாவே அமுக்குவாள்.

"சாப்பிட்டாச்சா?"

"ஏய், நான் நல்லா முழிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

"தெரியும். குரல் கேக்கணும் போல இருந்துச்சு."

"பக்கத்துல யாரு?"

"வாசகம் எழுதுறவரு."

"அந்தக் குரலை மாத்தச் சொல்லு. என் கணக்கு டீச்சர் திட்டுற மாதிரியே இருக்கு."

பேசி முடித்ததும் என் பக்கம் திரும்பினாள். "சார், இதை எங்கயும் எழுதிடாதீங்க." தலையாட்டினேன்.*

* தலையாட்டியது உண்மைதான்.

3

இதற்கு மேல் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. கற்பனை என்று பெயர் வைத்து அவர்களைப் பாடாய்ப் படுத்தப் போகிறேன்.

இருபதாம் நாள், மதியம் மூன்று மணி. கண்ணாடிப் பலகைகளை ஏற்றிக்கொண்டு அவன் ஊர் திரும்புகிறான். இன்னும் இரண்டு மணி நேரம்தான். அவள் காலையிலேயே தலைக்குக் குளித்திருக்கிறாள். திடீரென்று அவன் புள்ளி சிவக்கிறது. அவள் பொத்தானைத் தொடவில்லை. கேமராதான்.

"வாகனத்தை ஓரமாக நிறுத்தவும்."

"இரு, நேர்லயே வந்து பேசுறேன்," என்று சிரித்துக்கொள்கிறான். வண்டி நிற்கவில்லை.

அவள் பொத்தானை அமுக்குகிறாள். மறுபடியும். மறுபடியும். அவள் அமுக்க அமுக்க, இது அவள் வேலைதான் என்று அவனுக்கு உறுதியாகிறது.

(இந்த இடத்தில் அவனைக் குறைசொல்லி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவனுக்கும் ஏக்கம் இருக்காதா?)

"ஐயோ, இது நான் இல்லங்க," என்கிறாள் திரையைப் பார்த்து. அதை அவனுக்கு அனுப்ப வழியில்லை. அவசரத்துக்குச் சொந்தமாகப் பேசி அனுப்ப ஒரு வசதி வைக்கலாமா என்று கம்பெனியில் கேட்டார்கள். எதற்கு, ஒரே வாசகம் போதும், குழப்பம் வராது என்று சொன்னவன் நான்.

4

முடிவு ஒன்று: அவன் ஓரங்கட்டி, முகம் கழுவி, ஐந்து மணிக்கு வீட்டு வாசலில் — (இதைத்தான் எழுத ஆசை. ஆசைப்படுவதாலேயே நம்ப முடியவில்லை.)

முடிவு இரண்டு: கண்ணாடிப் பலகைகள் — (மாட்டேன்.)

எனக்குத் தைரியம் உள்ளவரை எழுதுகிறேன். புள்ளி நின்றுவிட்டது. தானாக நிறுத்தினானா, எதிலாவது மோதி நின்றானா, புள்ளியைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. மேசையில் போன் அடிக்கிறது. அவன் எண்தான். அவனே பேசலாம், அவன் போனை எடுத்து வேறு யாரோ பேசலாம். எடுத்துக் காதில் வைக்கிறாள். அந்தப் பக்கம் சாலையின் இரைச்சல் மட்டும் கேட்கிறது.

அவள் கேட்க வேண்டியதை எனக்கு எழுத வரவில்லை. அவளுக்குப் பதிலாக நீங்களே கேட்டுவிடுங்கள்: சாப்பிட்டாச்சா?